எதிர்வீட்டுக் கார்வெட்

எதிர்வீட்டு கராஜின் கதவு தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்கு மட்டும் திறந்திருந்தது. அந்த ஓர் அடி இடைவெளி வழியாக உள்ளே நிற்கும் காரை முழுசாகப் பார்ப்பது எப்படி என்பதுதான் வெர்லின் ஸ்ட்ரவுட்டின் அன்றைய காலைப் பிரச்சினை. நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. குனிந்தால் சக்கரம் மட்டும் தெரிந்தது. கடைசியில் தன் வீட்டுப் புல்வெளியில், களை பிடுங்குகிற பாவனையில், குப்புறப் படுத்துவிட்டார்.

படுத்ததும் தெரிந்தது. பச்சை நிறம். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சைலன்சர் குழாய். சக்கரத்துக்குப் பின்னால் ஐந்து சரிவான காற்றுத் துளைகள். அறுபத்தேழாம் வருஷத்து கார்வெட், அமெரிக்காவின் பெயர்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார்.

"அங்க களையே கிடையாது," என்றாள் காப்பிக் கோப்பையோடு வாசலில் நின்ற மனைவி டார்லா. "நேத்துதானே மருந்து அடிச்சே."

"வேர் இருக்கு."

"எதிர்வீட்டுக்காரன் கராஜ்லயா?"

வெர்லின் மேல்சட்டைப் பையிலிருந்து வயிற்றெரிச்சல் மாத்திரை ஒன்றை எடுத்துப் படுத்தபடியே சப்பினார்.

பொறாமைப்படுகிறவர்களில் சோம்பேறிகள் உண்டு. வீட்டுக்குள் உட்கார்ந்து புழுங்கிக்கொண்டிருப்பார்கள். வெர்லின் அந்த ரகம் இல்லை. எழுந்து போய், விசாரித்து, அளந்து பார்த்துப் பொறாமைப்படுவார். பக்கத்துத் தெருக்காரர் நீச்சல்குளம் வெட்டியபோது, அனுமதித்ததைவிட நாலு அங்குலம் அகலம் கூடிவிட்டது என்று நகராட்சிக்குப் போய்ச் சொன்னவர் அவர்தான். நாற்பது வருஷம் இறைச்சித் தொழிற்சாலையில் அரசாங்க ஆய்வாளராக இருந்து, தொங்கும் மாடுகளின் மேல் முத்திரை குத்தியவர். ஓய்வு பெற்ற பிறகு முத்திரை குத்த மாடு இல்லாமல் முழுநேரமும் கார்களுக்கு வந்து சேர்ந்தார். கிளார்க்ஸ் பெண்ட் ஊரின் கார்வெட் கிளப்பில் எந்தக் கார் அசல், எது ஒட்டுப்போட்டது என்று சோதித்துச் சொல்லும் அதிகாரி அவர்தான்.

மிசௌரி மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கிற அந்த ஊரில் தர்பூசணி விளையும். ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின ஊர்வலம் நடக்கும். ஊர்வலத்தின் முதல் காரில், மடக்கிய கூரையின் மேல் உட்கார்ந்து, அந்த வருஷத்துக்கென்று தேர்ந்தெடுத்த தர்பூசணி ராணி கையசைத்துக்கொண்டு போவாள். எது முதல் கார் என்பதற்கு கிளப்பில் ஒரே வழக்கம்தான். எந்தக் கார் அதிகம் அசலோ, அதுவே முன்னால். பதினெட்டு வருஷமாக அந்த இடம் வெர்லினின் சிவப்பு நிற அறுபத்தாறாம் வருஷத்துக் காருக்குத்தான். பதினெட்டு ராணிகள் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். அவர் கையசைப்பதை யாரும் பார்க்கவில்லை என்றாலும் ஒவ்வொரு வருஷமும் அவரும் கையசைத்தார்.

இப்போது ஊர்வலத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது. பத்து நாள் முன்னால் எதிர்வீட்டுக்கு வாடகைக்கு வந்த எமெட் கோல்வின் என்ற மனிதரின் கராஜில் பச்சைக் கார் நிற்கிறது.

அன்று மத்தியானம், டார்லா மாதா கோவிலுக்கென்று செய்து வைத்திருந்த பீச் பழம் அடைத்துச் சுட்ட 'பை' என்ற பலகாரத்தை எடுத்துக்கொண்டு வெர்லின் எதிர்வீட்டுக்குப் போனார். புது ஆளை வரவேற்க வேண்டுமல்லவா. காலடிச் சத்தம் கேட்டதும் எமெட் அவசரமாகக் காரின் மேல் துணி உறையை இழுத்து மூடினார். ஆனாலும் மூடுவதற்குள் பானட்டைப் பார்த்துவிட்டார் வெர்லின். நடுவில் மேடு வைத்து, வேறு நிறத்தில் பட்டை தீட்டிய பானட். பெரிய எஞ்சின் வைத்த கார்களுக்கு மட்டும் வந்தது அது.

"பழைய வண்டி சார்," என்றார் எமெட். ஐம்பது வயதுக்காரர், பேச்சு பஞ்சு மாதிரி. "உங்களை மாதிரி விவரம் தெரிஞ்சவங்க பார்த்தா சிரிப்பீங்க."

"சும்மா ஒரு பார்வை பார்க்கிறேனே."

"வேண்டாம் சார். எனக்கே கூச்சமா இருக்கு."

பலகாரத்தை வாங்கிக்கொண்டார், நன்றி சொன்னார், வழியனுப்பிவிட்டார். உறையின் ஒரு மூலையைக்கூடத் தூக்கிக் காட்டவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது வெர்லினுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அசல் கார் வைத்திருப்பவன் எவனாவது மூடி வைப்பானா? அந்த மாதிரி பானட் இன்றைக்குக் காசு கொடுத்தால் கடையில் கிடைக்கும். சின்ன எஞ்சின் காரை வாங்கி, பெரிய பானட்டை மாட்டி, ஊரை ஏமாற்றுகிற பயல்களை அவர் எத்தனை பேர் பார்த்திருக்கிறார். இந்த நிம்மதி ஏறக்குறைய அரைமணி நேரம் இருந்தது. பிறகு, ஒருவேளை அசலாக இருந்துவிட்டால் என்ற நினைப்பு வந்தது. இன்னொரு மாத்திரை சப்பினார்.

சனிக்கிழமை காலையில் கிளப்பார் பான்கேக் சுடும் அப்பக்கடையின் பின்னறையில் கூடுவது வழக்கம். வெள்ளைக் குழம்பு ஊற்றிய பிஸ்கட் என்கிற மெத்து ரொட்டியைப் பிட்டுக்கொண்டே வெர்லின் விஷயத்தைப் போட்டு உடைத்தார். ஊருக்குள் ஒரு போலி வந்திருக்கிறது, எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்றார். கிளப் தலைவர் டேல் ஓக்லி டயர் கடை நடத்துகிறவர், சாவகாசமான மனிதர். பார்க்காமலே எப்படிப் போலி என்கிறாய், அந்த ஆளைக் காரோடு கூட்டிக்கொண்டு வா, பார்ப்போம் என்றார். அழகு நிலையம் வைத்திருக்கும் லோரெட்டா, பச்சை அறுபத்தேழைத் தன் வாழ்நாளில் நேரில் பார்த்ததில்லை என்று பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சு வெர்லினுக்குப் பிடிக்கவில்லை.

எமெட் வர மறுத்தார். நாலு பேர் முன்னால் எதற்கு என் மானம் போகவேண்டும் என்றார். மறுக்க மறுக்க வெர்லினுக்குப் போலி என்பது உறுதியாகிக்கொண்டே வந்தது. மூன்று நாள் தொடர்ந்து போனார். டார்லாவின் இரண்டாவது பை, மூன்றாவது பை எல்லாம் எதிர்வீட்டுக்குப் போயின. கடைசியில் எமெட், நீங்கள் இவ்வளவு தூரம் சொல்வதால் வருகிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டார்.

"எனக்குத் தன்னைக் கட்டிக்க ஆசைன்னு அந்த ஆள் நினைச்சிருப்பான்," என்றாள் டார்லா. "இத்தனை பை நான் உனக்கே செஞ்சதில்ல."

அடுத்த சனிக்கிழமை பச்சைக் கார் அப்பக்கடை வாசலில் வந்து நின்றபோது, உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் முட்கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். பழுப்புத் தோல் இருக்கை. மரநிற ஸ்டியரிங் வளையம். நின்றபடியே உறுமிக்கொண்டிருந்த எஞ்சின் சத்தத்துக்குக் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. லோரெட்டா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். வெர்லினின் சிவப்புக் காரைப் பார்த்து அவள் ஒருநாளும் நெஞ்சில் கை வைத்ததில்லை.

எமெட் கூச்சத்தோடு பானட்டைத் திறந்தார். முக்கோண வடிவக் காற்று வடிகட்டி. அதற்கடியில் ஒன்றல்ல, மூன்று கார்புரேட்டர். நானூற்று முப்பத்தைந்து குதிரைசக்தி. கூட்டத்தில் யாரோ மெல்ல விசிலடித்தார்கள்.

"எஞ்சினை எவன் வேணா மாத்திப் போடலாம்," என்றார் வெர்லின்.

"போடலாம் சார்," என்று எமெட் உடனே ஒத்துக்கொண்டார். "எனக்கு என்ன தெரியும். வாங்கும்போது அசல்னு சொன்னாங்க. அவங்க சொன்னதுதான்."

இப்படி ஒத்துக்கொள்கிற ஆளிடம் சண்டை போடுவது கஷ்டம். வெர்லின் கூட்டத்தின் பக்கம் திரும்பி, வழக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தால் போதாது, எழுத்தில் ஒரு விதி வேண்டும் என்றார். ஊர்வலத்தில் முன்னால் போக ஆசைப்படுகிற எந்தக் காரும் முழுச் சோதனைக்கு வரவேண்டும். எஞ்சின் எண், உட்புறத் தகடு, டாங்கிக் காகிதம், மூன்றும் பார்க்க வேண்டும். ஒன்று பொருந்தாவிட்டாலும் முன்வரிசை கிடையாது.

"எல்லா வண்டிக்குமா வெர்லின்?" என்று டேல் கேட்டார்.

"எல்லா வண்டிக்கும்தான்யா. விதின்னா விதி."

எல்லோரும் கையைத் தூக்கி நிறைவேற்றினார்கள். தூக்கின கைகளை எண்ணிக்கொண்டிருக்கும்போதுதான் வெர்லினுக்குத் தன் சிவப்புக் கார் ஞாபகத்துக்கு வந்தது.

விஷயம் இதுதான். எஞ்சினின் முன்பக்கத்தில், வலது ஓரமாக, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சமதளம் இருக்கும். தொழிற்சாலையில் அதில்தான் எண்ணைக் குத்துவார்கள். அந்தக் காரின் வரிசை எண்ணும், எந்த வகை எஞ்சின் என்று சொல்லும் எழுத்துகளும் அங்கே இருக்கும். வெர்லினின் காரில் அந்த இடம் மொட்டை. அவர் வாங்குவதற்கு முன்பே எந்த மெக்கானிக்கோ எஞ்சினைப் பழுது பார்க்கும்போது அந்தத் தளத்தை மழித்து எடுத்துவிட்டான். பதினெட்டு வருஷமாக இது வெர்லினுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும். சோதிப்பவரின் காரை யார் சோதிக்கப்போகிறார்கள்? இப்போதும் அதே தைரியத்தில், சோதிக்கப்போவது நான்தானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை டேலின் டயர் கடையில் சோதனை. கிளப்பில் பாதிப்பேர் மடக்கு நாற்காலி கொண்டுவந்து உட்கார்ந்துவிட்டார்கள். பச்சைக் காரின் எண் தளம் எண்ணெயும் புழுதியும் படிந்து தார் பூசினமாதிரி இருந்தது. வெர்லின் பூதக்கண்ணாடி, மண்ணெண்ணெய், பல் துலக்கும் பிரஷ் சகிதமாக பானட்டுக்குள் தலையை விட்டார்.

எமெட் வந்து எட்டிப் பார்த்தார். "கஷ்டமா இருந்தா விட்டுடுங்க சார். இல்லேன்னே எழுதிடுங்க."

"நீங்க போய் உட்காருங்க."

ஒரு மணி நேரம் துலக்கினார். அழுக்கு போகப் போக முதலில் ஒரு எண் தெரிந்தது. பிறகு இன்னொன்று. காரின் வரிசை எண்ணோடு ஒவ்வொன்றாக ஒத்துப்போனது. கடைசியில் ஜே, ஈ என்று இரண்டு எழுத்து. அந்த வருஷத்து மூன்று கார்புரேட்டர் எஞ்சினுக்கு உரிய எழுத்து. எண்களுக்கு அடியில், தொழிற்சாலை இயந்திரம் இழுத்துவிட்ட மெல்லிய கோடுகள், தலைமுடி வாரினமாதிரி வரிசையாக இருந்தன. போலிக்காரன் எண்ணைத் திருத்திக் குத்திவிடுவான். அந்தக் கோடுகளை அவனால் கொண்டுவர முடியாது.

அப்போது நாற்காலிக்காரர்கள் எல்லோரும் காப்பி வாங்கப் போயிருந்தார்கள். எமெட்டையும் காணோம். வெர்லினின் கை எட்டும் தூரத்தில் ஒரு துண்டு உப்புத்தாள் கிடந்தது. நாலே நாலு தேய்ப்பு. அவ்வளவுதான், கோடும் போய்விடும், எண்ணும் போய்விடும், சிவப்புக் காரைப் போலவே இதுவும் மொட்டையாகிவிடும். எண்ணெய் துடைக்கும்போது கை தவறிவிட்டது என்றால் யார் கேட்கப்போகிறார்கள்.

கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு உப்புத்தாளைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார். அழுகின மாட்டுக்கு ஒருநாளும் முத்திரை குத்தாத கை அது. நல்ல மாட்டைத் தள்ளிவைத்ததும் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் வெர்லின் தன்மேல் வைத்திருந்த மரியாதை, அவர் பொறாமையைவிட ஒரு நூல் பெரியது. அதற்காக அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"என்ன வெர்லின்?" என்றார் காப்பியோடு திரும்பிய டேல்.

"எண் சரியா இருக்கு," என்றார் வெர்லின். பல் பிடுங்கிக்கொண்டவர் குரலில் சொன்னார். கூட்டம் கைதட்டியது. எமெட் முகத்தில் ஆச்சரியம். அப்படியா சார், அப்படியா சார் என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

வெர்லின் விடவில்லை. எஞ்சின் அசலாக இருக்கலாம், ஆனால் உள்ளே அத்தனையும் பின்னால் மாட்டினது என்றார். பச்சைக் காருக்குப் பழுப்புத் தோல் இருக்கை எவனாவது கேட்டு வாங்குவானா? டாஷ்போர்டுக்கு அடியில் வலது பக்கம் ஒரு தகடு இருக்கும். வெளி நிறம் என்ன, உள் நிறம் என்ன, இருக்கை துணியா தோலா என்பதெல்லாம் அதில் குறியெண்ணாகக் குத்தியிருக்கும். அதைப் படிப்பதற்கு அறுபத்து மூன்று வயது மனிதர் இருக்கையில் தலைகீழாகப் படுத்து, கால்களை முதுகுச் சாய்மானத்தின் மேல் போட்டு, தலையைக் கால் வைக்கிற இடத்தில் திணிக்கவேண்டும். வெர்லின் திணித்தார். வாயில் டார்ச் விளக்கு, கையில் பூதக்கண்ணாடி. தகட்டில் பச்சை என்றே இருந்தது. பழுப்பு என்றே இருந்தது. தோல் என்றும் இருந்தது. தகட்டைக் கழற்றி மாட்டின அடையாளமே இல்லை.

தகடு சரியாக இருந்தது. வெர்லினின் கழுத்துதான் சரியாக இல்லை. இரண்டு பேர் காலைப் பிடித்து அவரை வெளியே இழுத்தார்கள். மறுநாள் டாக்டர் கழுத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை மாட்டி அனுப்பினார்.

"எட்டிப் பார்க்கிற வியாதிக்குச் சரியான மருந்துதான்," என்றாள் டார்லா. "விட்டுத் தொலையேன் வெர்லின். ஒரு வருஷம் வேற ஒருத்தன் முன்னால போனா ஊர் முழுகிடுமா?"

"முழுகாது. நான் ஊர்வலத்துல மட்டும்தான் முன்னால போறேன் டார்லா. வேற எங்க போறேன் சொல்லு."

டார்லா அவர் கழுத்துப் பட்டையை நிமிர்த்திவிட்டு உள்ளே போனாள்.

பாக்கி இருந்தது டாங்கிக் காகிதம். அந்தக் காலத்தில் தொழிற்சாலையில் காரை உருவாக்கும்போது, அதில் என்னென்ன மாட்டவேண்டும் என்று அச்சடித்த காகிதத்தைப் பெட்ரோல் டாங்கியின் தலையில் ஒட்டிவிடுவார்கள். அது அங்கேயே கிடக்கும். ஈரமும் எலியும் சேர்ந்து முக்கால்வாசிக் கார்களில் அதைத் தின்று தீர்த்திருக்கும். இந்த மாவட்டத்தில் முழுக் காகிதம் உள்ள கார் ஒன்றுகூட இல்லை. வெர்லினின் மொத்த நம்பிக்கையும் இப்போது அந்த எலிமேல் இருந்தது.

டாங்கியை இறக்க எமெட் பயந்தார். இவ்வளவு வருஷம் சும்மா இருந்ததைக் கிளறுவானேன் என்றார். வெர்லின், விதி என்றார். வியாழக்கிழமை கழுத்துப் பட்டையோடு காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, பட்டிகளைக் கழற்றி, டாங்கியைத் தன் மார்பின் மேலேயே இறக்கினார். கால் லிட்டர் பெட்ரோல் சட்டைக்குள் போனது. துணியால் தூசியை ஒற்றியெடுத்தார். காகிதம் இருந்தது. நாலு மூலையும் சேதமில்லாமல், நேற்று ஒட்டினதுபோல இருந்தது. ஒரு சோம்பேறி எலிகூட அந்தப் பக்கம் வரவில்லை.

உரக்கப் படிக்கும்படி டேல் சொன்னார். வெர்லின் படித்தார். மூன்று கார்புரேட்டர் எஞ்சின், இருக்கிறது. பக்கவாட்டுக் குழாய், இருக்கிறது. தோல் இருக்கை, இருக்கிறது. முன்னும் பின்னும் இழுக்கிற ஸ்டியரிங் வளையம், இருக்கிறது. அடுத்த வரியில் அவர் நிறுத்தினார். அவருடைய முகம் இரண்டு வாரத்தில் முதல் தடவையாக மலர்ந்தது.

"தலைச்சாய்மானம்," என்றார். "ரெண்டு தலைச்சாய்மானம் போட்டிருக்கு. வண்டியில எங்கே? எல்லாரும் பாருங்க. இருக்கையில இல்ல. காகிதத்துல இருக்கு, வண்டியில இல்ல. பொருந்தலை."

கூட்டத்தில் சலசலப்பு. எமெட் காதைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"சின்னத் தலகாணி மாதிரி, கம்பி வச்சதா சார்?" என்றார். "வாங்கும்போது ஒரு பெட்டியில ரெண்டு குடுத்தாங்க. என்னன்னு தெரியாம கராஜ்ல போட்டு வச்சிருக்கேன்."

போய் எடுத்துவந்தார். அதே பழுப்புத் தோல். வெர்லின் கையாலேயே இருக்கையில் செருகிப் பார்த்தார். சொடுக்கென்று உட்கார்ந்தது.

சோதித்தவர் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். வெர்லினுக்குச் சுருக்கமாக எழுதவும் வராது. எங்கேயாவது ஒரு குறை அகப்படாதா என்று ஒவ்வொரு திருகாணியையும் மறுபடி பார்த்துப் பார்த்து எழுதியதில் பதினொரு பக்கம் ஆகிவிட்டது. குறை அகப்படவில்லை. எண் தளத்தின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த பிரதி, தகட்டின் படம், டாங்கிக் காகிதத்தின் படம், எல்லாம் சேர்த்து, என் அனுபவத்தில் இவ்வளவு அசலான காரை நான் பார்த்ததில்லை என்று முடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்திட்டார். எமெட் அந்தப் பதினொரு பக்கத்தையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"உங்களை மாதிரி ஒருத்தர் கையெழுத்து போட்டதே எனக்குப் போதும் சார்," என்றார்.

வெர்லின் கருவிப்பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினார். அப்போது டேல் கூப்பிட்டார்.

"அடுத்து உன் வண்டிதானே வெர்லின்?"

"என் வண்டியை நானே பார்த்துக்கிறேன்."

"அவனவன் வண்டியை அவனவனே பார்த்தா நல்லாவா இருக்கும்? லோரெட்டா பார்க்கட்டும். நீ பண்ணினதைப் பார்த்து இப்ப எல்லாருக்குமே தெரிஞ்சு போச்சு."

உண்மைதான். மூன்று நாள் பாடம் நடத்தியிருக்கிறார். எங்கே பார்க்கவேண்டும், எப்படித் துலக்கவேண்டும், கோடு எப்படி இருக்கவேண்டும், எல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். லோரெட்டாவுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்தாள். விரலால் தடவிப் பார்த்தாள். வெர்லினை நிமிர்ந்து பார்க்காமல், இங்கே ஒன்றுமே இல்லையே என்று மெதுவாகச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட வெர்லினுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

விதி விதிதான். பச்சைக் கார் முதலில், லோரெட்டாவின் வெள்ளைக் கார் அடுத்தது. வெர்லினுக்கு ஊர்வலத்தில் பதினேழாவது இடம் கொடுத்தார்கள். குதிரைச் சங்கத்தின் பதினான்கு குதிரைகளுக்கு நேர் பின்னால். பாதையைப் பார்த்து ஓட்டவேண்டிய இடம்.

ஜூலை முதல் தேதி காலை. வெர்லின் சமையலறை ஜன்னலருகே கழுத்துப் பட்டையோடு உட்கார்ந்து ஓட்ஸ் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு வாசலில் மூடிய பெரிய லாரி ஒன்று வந்து நின்றது. கார் ஏற்றிப்போகிற லாரி. எமெட் பச்சைக் காரைத் தானே ஓட்டி மெல்ல அதற்குள் ஏற்றினார். பின்னாலேயே இரண்டு பெட்டியும் ஒரு மடக்குக் கட்டிலும் போயின. வீட்டில் அவ்வளவுதான் சாமான் போலிருக்கிறது.

வெர்லின் கஞ்சியை விட்டுவிட்டு ஓடினார். எமெட் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். டெக்சாஸில் ஒருவர் அறிக்கையைப் படித்ததும் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டார், அதனால் அவசரமாகப் போகவேண்டியிருக்கிறது என்றார். டார்லாவின் பைகளை வாழ்நாளில் மறக்கமாட்டாராம். ஊர்வலத்துக்கு இன்னும் மூன்றே நாள்தானே, இருந்துவிட்டுப் போகக்கூடாதா என்று வெர்லின் கேட்டார். கேட்டுவிட்டு, தான்தான் கேட்டோமா என்று ஆச்சரியப்பட்டார். இந்த ஊர்வலமெல்லாம் எனக்கு எதற்கு சார் என்று சிரித்துவிட்டு, எமெட் தன் சின்ன வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

வெர்லின் நடைபாதையில் நின்றார். மனசுக்குள் ஒரு மாதிரியான சந்தோஷம் கிளம்பிக்கொண்டிருந்தது. பச்சைக் கார் போய்விட்டது. முதல் இடம் இப்போது லோரெட்டாவுக்கு. அடுத்த வருஷத்துக்குள் அவள் காரைச் சரியாகப் பார்த்துவிட வேண்டும். அந்த வெள்ளைச் சாயத்தின் மேல் அவருக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு.

லாரிக்காரப் பெண் சக்கரங்களுக்குச் சங்கிலி போட்டு முடித்துக் கீழே இறங்கினாள். தொப்பியும் கையுறையுமாக, நாற்பது வயது இருக்கும். வெர்லினின் கழுத்துப் பட்டையை ஒரு தரம் பார்த்தாள். அவர் வீட்டை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த எதிர்வீடு உங்களுதா சார்?"

"ஆமா. ஏன்?"

"பதினொரு பக்கம் எழுதினது நீங்கதானா? போன ஊர்க்காரர் ஆறு பக்கம்தான் எழுதினாரு."

"எந்தப் போன ஊர்?" என்றார் வெர்லின்.

அவள் லாரியின் பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"எமெட்டுக்கு நான் ஏத்துற ஆறாவது வண்டி சார் இது. சிநேகிதன் எழுதிக் குடுத்தா வாங்குறவன் நம்பமாட்டான்ல, அதனால எந்த ஊருக்குப் போனாலும் அங்க கிளப்புலயே பெரிய வயித்தெரிச்சல் பிடிச்ச ஆள் யாருன்னு விசாரிச்சுட்டு, அவர் வீட்டுக்கு எதிர் வீட்டைத்தான் வாடகைக்குப் பிடிப்பாரு."